ஸைமா கண்டெடுத்த சொல்

தம்பெரே ஊரின் பாலர் பள்ளியில் ஸைமா லெஹ்தொவிர்தா இருபத்திரண்டு வருடம் கஞ்சி காய்ச்சினாள். மீதி நேரமெல்லாம் ஒரே ஒரு சொல்லின் பின்னால் அலைந்தாள். பள்ளி வாசலில் எழுதியிருந்த 'லஸ்தென்தர்ஹா' தான் அது. லஸ்தென் என்றால் பிள்ளைகளின். தர்ஹா என்றால் தோட்டம். நாள் முழுக்க அழுகையும் மூக்குச்சளியுமாய்க் கிடக்கிற இடத்துக்குத் தோட்டம் என்று பெயர் வைத்த மகராசி யார்?

ஸ்வீடன்காரர்களிடமிருந்து வந்த சொல் என்றார்கள் படித்தவர்கள். ஸைமா நம்பவில்லை. ஆறு வருடம் தேடி, பள்ளிச் சமையற்கட்டின் பரண் பெட்டியொன்றில் ஒரு பழைய கடிதத்தைப் பிடித்தாள். ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போன ஆசிரியை எழுதியது. "இங்கே இதைப் பிள்ளைத் தோட்டம் என்கிறார்கள். நாமும் நம் மொழியில் அப்படியே சொல்லுவோம்."

செய்தி கேட்டு ஹெல்சின்கியிலிருந்து ஓடிவந்தான் அகராதி ஆராய்ச்சியாளன் எல்யாஸ் பால்ம்ரூத். இரண்டாவது கோப்பை காபியில் கேட்டான்.

"லெஹ்தொவிர்தா அம்மா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா, இனிமே நாம நீ, வா, போன்னே பேசிக்கலாமா?"

அங்கே இது சும்மா சொல்கிற பேச்சல்ல. மூத்தவர்தான் கேட்க வேண்டும். கேட்டு, கைகுலுக்கிப் பெயர் சொல்லிவிட்டால் சாகும்வரை அதை மாற்றக் கூடாது. இளையவன் முந்திக்கொண்டதை ஸைமா பெரிதுபடுத்தவில்லை, பூரித்துத்தான் போனாள்.

"ஸைமா," என்று கை நீட்டினாள்.

"எல்யாஸ்."

"கட்டுரைல எம்பேரு வரும்ல?"

"என்ன கேள்வி இது, ஸைமா? உம்பேருதான் முதல்ல வரும்."

கடிதத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

வசந்தத்தில் கட்டுரை வெளிவந்தது. 'ஒரு பள்ளியின் சமையற்கட்டில் கிடைத்த கடிதம்' என்று ஒரே வரி. கிடைத்ததாம், தானாக நடந்து வந்ததுபோல. மறுநாளே ஸைமா ஹெல்சின்கிக்கு ரயிலேறினாள்.

அங்கே எல்யாஸ் பேராசிரியர்கள் நடுவே நின்றிருந்தான்.

"எல்யாஸ், எம்பேரு எங்க?"

சுற்றியிருந்தவர்கள் புருவம் தூக்கினார்கள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"மன்னிக்கணும். நீங்க யாரு?"

பெயரைத் திருடியதைக்கூட ஸைமா பொறுத்திருப்பாள். நீ, வா, போ என்று பேசக் கொடுத்த கையை நாலு பேர் முன்னால் இல்லையென்று சொல்லிவிட்டானே, பாவி.

"என் கடுதாசிய குடு. நான் போறேன்."

"அது இப்ப ஆவணக் காப்பகத்துச் சொத்துங்க, அம்மா," என்றான் எல்யாஸ், குரலில் அத்தனை மரியாதை. "விண்ணப்பம் எழுதிக் குடுங்க. தகுதி இருந்தா பாக்க விடுவாங்க."