ஜன்னலம்மா கொட்டிய உச்

ரத்தம் சோதிக்கிற இடங்களில் ஊசி குத்தும் அறைக்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. பயமெல்லாம் மறுநாள் சாயங்காலம், ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால்தான். அந்த ஜன்னலுக்குப் பின்னால் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறவளை எல்லோரும் ஜன்னலம்மா என்பார்கள். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சீட்டை வாங்க வேண்டும், எழுந்து பின்னால் இருக்கும் அலமாரியில் அந்த நம்பரைத் தேட வேண்டும், கவரை நீட்டி நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிய வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

கவர்கள் மாடியிலேயே ஒட்டப்பட்டுத்தான் கீழே வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த எண்களைப் படிக்க வராது. ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது? அவர்கள் கவரைப் பார்ப்பதே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அவளும் பதினேழு வருடமாக அதைப் பொருட்படுத்தவில்லை. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், முகத்தில் என்ன எழுதியா ஒட்டியிருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

மூன்று வருடமாக அவளுக்கு வலது முட்டியில் வலி. நாற்காலியை விட்டு எழும்போதும், குனிந்து நிமிரும்போதும் சுரீரென்று இழுக்கும். அப்போது அவள் வாய் தானாக ஒரு "உச்" கொட்டும். வலிக்கு ஒரு பங்கு, வாழ்க்கைக்கு ஒரு பங்கு என்று சேர்த்துக் கொட்டுகிற உச். ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்தால் அறுபது உச். யார் எண்ணினார்கள்?

ஒரு நாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில், ஒரு பெண் வந்து ஜன்னல் முன் நின்றாள். கையில் சீட்டு இல்லை. ஒரு கவர் இருந்தது. நாற்பது நாள் பழைய கவர், ஓரமெல்லாம் கசங்கியிருந்தது, ஒட்டு மட்டும் பிரியவில்லை.

"மேடம், இதுல என்ன இருக்குன்னு நீங்களாவது சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் பிரிக்க விட மாட்டேங்கறார்."

"ஏம்மா, டாக்டர்கிட்ட காட்டலையா?"

"எதுக்குன்னு கேக்கறார். ஜன்னல்ல இருக்கற அம்மா கவரை எடுத்ததுமே உச் கொட்டிட்டாங்க, இதுக்கு மேல பிரிச்சு வேற பாக்கணுமாங்கறார். வந்து, கைல இருந்த துணியெல்லாம் தெச்சு முடிச்சுட்டுப் படுத்தவர்தான். கடை திறக்கல."

ஜன்னலம்மா கவரைக் கையில் வாங்கினாள். அந்த மனிதரை அவளுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு பேருமாகக் கவரைப் பிரித்தார்கள். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு ரத்தம் எடுக்கிறவரிடம் ஓடினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. கல்லு மாதிரி இருக்கார் மனுஷன்."

கல்லு மாதிரி இருந்த மனிதர் தையல்காரர். மனைவி ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, அவரும் ஒன்றுமில்லை என்று சொல்லி, அதை வீட்டில் போய்ச் சொன்னபோது படுத்த இடத்திலிருந்து சிரித்தாராம். மூன்றாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்து அழுதாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் ஜன்னலம்மா அவளோடு கிளம்பிவிட்டாள். என் முட்டி வலிக்கு ஒரு மனிதர் சாவதா? வழியெல்லாம் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. பாதி கோபம் அவர் மேல், மீதி தன் வாய் மேல்.

தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை, பின்னறை வீடு. கடையில் மெஷின் துணி போட்டு மூடிக் கிடந்தது. பிறர் கொடுத்த துணிகளெல்லாம் தைத்து முடிக்கப்பட்டு, மடித்து, சீட்டு குத்தி அடுக்கியிருந்தன. பின்னறைக் கட்டிலில் தையல்காரர் மல்லாந்து படுத்திருந்தார். தலைமாட்டுச் சுவரில், ஆணியில் மாட்டிய ஹேங்கரில், ஒரு புது வெள்ளைச் சட்டை தொங்கியது. அதில் பாக்கெட் இல்லை.

"அது யாருக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"எனக்குத்தான்மா," என்றார் அவர், சாதாரணமாக. "போகும்போது போட. இப்ப கொஞ்சம் பிடிக்கும். அதுக்குள்ள இளைச்சிடுவேன்ல, அளவு குறைச்சுதான் வெட்டினேன்."

அவள் சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தோள்பட்டை சட்டையைவிட இன்னும் இரண்டு விரல்தான் அகலம்.

அவள் எல்லாம் சொன்னாள். கவர் ஒட்டி வருகிற கதையைச் சொன்னாள், முட்டிக் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டருக்கு தைரியம் சொல்றது தொழில். என் சம்சாரத்துக்கு என்னை விட்டா ஆளில்ல, அவ அப்படித்தான் சொல்வா. உங்க வாய்க்கு என்னம்மா தலையெழுத்து, பொய் சொல்ல? அது அன்னைக்கு உண்மையைச் சொல்லிடுச்சு. இன்னைக்கு நீங்க யோசிச்சு வந்து பேசறீங்க."

மனைவி டீ டம்ளரை எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது உச் கொட்டினாள். ஜன்னலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே உச். இழுப்புகூட அதே இழுப்பு. அந்தப் பெண்ணின் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

வீட்டுக்கு வந்தால், பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் புத்தகப் பையைத் தரையில் இறக்கிவிட்டு உச் கொட்டினாள்.

"எங்கடி வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலையே."

"அப்புறம் எதுக்கு அந்தச் சத்தம்?"

மகள் அவளை வினோதமாகப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள வந்தா அப்படித்தானேம்மா பண்ணுவோம்?"

அதற்குப் பிறகு அவள் காது கெட்டுப்போனது. படிக்கட்டில், பஸ்ஸில், காய்கறிக் கடையில், எங்கே திரும்பினாலும் அந்த உச். ஒருமுறை ஆளில்லாத காரிடாரில் நடக்கும்போது பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. இதெல்லாம் முன்பே இருந்ததா, தான் பரப்பிவிட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு நாளைக்கு அறுபது என்றால் மூன்று வருடத்துக்கு எத்தனை? மனக்கணக்கு போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தாள். வாயில் ஒரு கிராம்பைப் போட்டு மேல்பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் அடக்கிக்கொண்டாள். நாக்கு வேலையாக இருந்தால் சத்தம் வராது. ஜன்னலைத் திறக்கும் முன் கைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, கல்யாண வீட்டில் வரவேற்கிறவள் மாதிரி சிரித்து வைத்துக்கொண்டாள். "யாருக்குப் பொண்ணு பாக்கறீங்க?" என்று ரத்தம் எடுக்கிறவர் கிண்டலடித்தார். அடிக்கட்டும். ஒரு வாரத்தில் முட்டி எவ்வளவு இழுத்தாலும் அவள் வாயிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை.

தையல்காரர் வீட்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். அங்கேதான் அந்தச் சாதனை அவள் தலையிலேயே விடிந்தது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு, கிராம்பைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக எழுந்தாள். அவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி வலின்னீங்க. ஒரு சத்தமும் இல்லாம எழுந்துட்டீங்களே," என்றார். "எனக்காக எவ்வளவு சிரமப்படறீங்க. அவ்வளவு மோசமாவா இருக்கு என் நிலைமை?"

அடுத்த தடவை கிராம்பைத் துப்பிவிட்டுப் போய், எழும்போது வேண்டுமென்றே ஒரு உச் கொட்டிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"இது அது இல்லம்மா. எனக்குத் தெரியாதா? தினம் நூறு தடவை காதுல கேக்குது அது."

அவர் சாப்பாடு இரண்டு வாய்க்கு வந்துவிட்டது. சட்டை தன் இடத்திலேயே தொங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் சட்டையின் தோளைப் பார்ப்பாள், பிறகு அவர் தோளை. இரண்டு விரல் ஒரு விரலாகி, அந்த ஒரு விரலும் போனது. நோயில்லாத ஒரு மனிதர் தன் சட்டைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அங்கே அழ முடியுமா? அழுதால் அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருப்பார்.

நான்காவது வாரம் ஒரு சாயங்காலம். மழை வருகிற மாதிரி காற்று. மனைவி முன்னறைக் கதவைச் சாத்தப் போயிருந்தாள். ஜன்னலம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேச ஒன்றும் மிச்சமில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். காற்று உள்ளே புகுந்து, ஹேங்கர் ஆணியிலிருந்து நழுவியது. சட்டை விரிந்து இறங்கி அவர் மேலேயே விழுந்தது. கழுத்து கழுத்தில், தோள் தோளில், கைகள் இரண்டும் அவர் கைகளின் மேல். யாரோ குனிந்து போட்டுவிட்டது போல அப்படியே பொருந்தியது. அவர் அசையவில்லை.

"ஐயோ!" என்று அவள் துள்ளி எழுந்தாள். முட்டிக்குள் கத்தி பாய்ந்தது. கிராம்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. உச், என்று அடித்தொண்டையிலிருந்து வந்தது. ஒரு கையால் முட்டியைப் பிடித்தபடி, மறு கையால் அந்தச் சட்டையை இழுத்துத் தரையில் போட்டாள்.

அவர் கண்ணைத் திறந்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"அதேதான்," என்றார். "அன்னைக்குக் கேட்டது இதேதான்."

"முட்டிதான் அண்ணா. மூணு வருஷமா. நாசமாப் போற முட்டி!" அவள் அழுதுகொண்டே கத்தினாள். "எத்தனை தடவைதான் சொல்றது?"

அவர் தரையில் கிடந்த சட்டையைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். ஓடி வந்த மனைவியிடம், "பிளேடை எடு," என்றார்.

இரண்டு பெண்களும் உறைந்துபோய் நின்றார்கள்.

"அட, சட்டையைப் பிரிக்கணும். எடு."

தரையிலிருந்த சட்டையை மடியில் போட்டு, பக்கவாட்டுத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. உள்பக்கம் இரண்டு அங்குலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. கடைசிச் சட்டைக்குக்கூட, பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவரே ஒரு மாதிரி ஆகிவிட்டார்.

"பழக்க தோஷம்," என்றார். அப்புறம் மனைவியிடம் சோறு கேட்டார்.

அன்றிலிருந்து ஜன்னலம்மா கிராம்பை விட்டுவிட்டாள். கைக்கண்ணாடியும் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. முட்டி இழுக்கும்போது உச் வந்தால் வரட்டும். வந்ததும் ஜன்னல் ஓட்டைக்கு நேராகக் குனிந்து, எதிரே நிற்கிறவர் கண்ணைப் பார்த்து, "முட்டி வலிங்க எனக்கு. உங்களுக்காகக் கொட்டல. பிரிச்சுப் பாத்துட்டு டாக்டர்கிட்ட போங்க," என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளைக்கு அறுபது தடவை. சலிப்பாக இருக்கிற நாளிலும் ஒருவரைக்கூட விடுவதில்லை. சிலர் சிரிப்பார்கள், சிலர் தைலம் பெயர் சொல்வார்கள். ரத்தம் எடுக்கிறவர், "முட்டிக்கு மைக் வெச்சுடலாம்," என்கிறார். வீட்டில் மகளும் பையை இறக்கி உச் கொட்டிவிட்டு, "ஒண்ணும் வலிக்கலம்மா," என்று சேர்த்துச் சொல்லப் பழகிவிட்டாள்.

போன வாரம் ஒரு பெண் கவர் வாங்க வந்தாள். முப்பது வயதிருக்கும். ஜன்னலம்மா வழக்கம்போலச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள், வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள்.

"போன வருஷம் எங்க அண்ணன் வந்திருந்தார் இங்க," என்றாள். "அன்னைக்கும் முட்டிதானா?"

ஜன்னலம்மா ஜன்னல் ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள். "அண்ணன்... இப்ப எப்படி இருக்கார்?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உச் கொட்டினாள். கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்து நின்றவர் ஜன்னலுக்குள் சீட்டை நீட்டினார். அவர் நம்பர் கீழ்த்தட்டில் இருந்தது.