ஜெர்மனியிலிருந்து ஒரு ரிங்கு

என் போனில் சிவப்புப் பொத்தான்தான் தேய்ந்திருக்கும். பச்சை இன்னும் புதுசாகவே இருக்கும். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் என்னோடு வேலை செய்த பெண்கள் யார் போனை வாங்கிப் பார்த்தாலும் அப்படித்தான்.

அதற்குக் காரணம் உண்டு. நான் பெயிண்ட் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றவள். டப்பா மேல் இருக்கும் நம்பரும் அட்டைப் பெட்டி மேல் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்து அடுக்க வேண்டும். லைன் ஓடும்போது போனில் பேச முடியாது. ஆனால் இடுப்பில் செருகிய போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கினால் சூப்பர்வைசருக்குத் தெரியாது. அதனால் எங்கள் எல்லாருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ரிங்கு வந்தால் ஒரு சேதி. ரெண்டு வந்தால் வேறு சேதி. எடுக்கக் கூடாது, கட் பண்ண வேண்டும். கட் பண்ணினால் ‘சரி, புரிஞ்சிச்சு’ என்று அர்த்தம். காசும் போகாது, வேலையும் கெடாது.

என் மகள் எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். அவள் அப்பா அவளைப் பள்ளிக்கூடத்துப் பையோடு பார்த்தார், காலேஜ் பையோடு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. படித்து முடித்துக் காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கேயே ஹாஸ்டலில் தங்கல். காலையில் ஒரு ரிங்கு, ‘வேலைக்கு வந்துட்டேன்.’ சாயங்காலம் ரெண்டு ரிங்கு, ‘ரூமுக்கு வந்துட்டேன்.’ நான் ரெண்டையும் கட் பண்ணிவிடுவேன். பேசுவதெல்லாம் ஊருக்கு வரும்போது, நேரில்.

அந்தக் காக்களூரில் இருந்துகொண்டே எழுதிப்போட்டு, ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் வாங்கினாள். பண உதவியும் வாங்கினாள். யாரிடமும் போய் நிற்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

கிளம்பும்போது தன் சிம்மைக் கழற்றி என் பட்டன் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டாள். அதை அங்கே கொண்டுபோனால் சும்மா இருந்தாலே காசு பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“பேங்க் மெசேஜெல்லாம் இந்த நம்பருக்குத்தாம்மா வரும். பத்திரமா வச்சிக்கோ. நான் போய் அங்க ஒரு ப்ரீபெய்டு சிம்மு வாங்கிக்கிறேன்” என்றாள்.

“போய்ச் சேந்ததும்?” என்றேன்.

“ஒரு ரிங்கு.”

சொன்னபடி ஒரு ரிங்கு வந்தது. முன்னால் கூட்டல் குறி போட்ட நீளமான நம்பர். அங்கே ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த நம்ம நாட்டுப் பெண்ணின் போனாம் அது. நான் கட் பண்ணினேன். கடல் தாண்டிப் போயும் எங்கள் வழக்கம் மாறவில்லை என்று மனசு நிறைந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அதே கூட்டல் குறி. பொண்ணுக்கு அம்மா நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்துக் கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. கட் பண்ணினேன். மறுபடியும். இந்தத் தடவை ஒன்று ரெண்டோடு நிற்கவில்லை, நீளமாக அடித்துக்கொண்டே போனது. அந்த ஊர்க் காசில் பேசினால் என்ன ஆகும்? ஓசி போன் வேறு. நான் விடாமல் கட் பண்ணிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு மதில் ஓரம் நின்றிருந்த மீன்காரியிடம், “பாத்தியா, ஜெர்மனிலேர்ந்து எத்தினி வாட்டி ரிங்கு குடுக்கிறா!” என்று பெருமை வேறு பேசினேன்.

“குடுத்து வச்சவ நீ. என் மவன் அத்திப்பட்டுல கீறான், மாசத்துக்கு ஒரு வாட்டி கூட அடிக்க மாட்டேன்றான்” என்றாள் அவள்.

குழம்பு இறக்கிய நேரம். எதிர் வீட்டுக்காரி மாதா கோயில் புடவையை மாற்றாமல், கையில் பெரிய போனோடு ஓடி வந்தாள். பூசை முடியும்வரை போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாளாம். வெளியே வந்து பார்த்தால் ஹாஸ்டல் நெட்டில் என் மகள் போட்ட வீடியோ கால் வரிசையாக விடுபட்டுக் கிடந்திருக்கிறது.

“யக்கா, உனுக்கு இன்னா காது அடைச்சுக்கிச்சா? பொண்ணு அழுதுக்கினு கீது. போன் எடுக்காம இன்னா பண்ற?”

அவள் போனில் என் மகள் முகம். கண் சிவந்திருந்தது.

“எம்மா! ஏம்மா கட் பண்ணிக்கினே இருக்கிற?”

“நீதானேடி ரிங்கு குடுத்த!”

“அது ரிங்கு இல்லம்மா, காலு! காலுக்கும் ரிங்குக்கும் வித்தியாசம் தெரியாதா உனுக்கு?”

“எனுக்கெப்படித் தெரியும்? பொறந்ததுலேர்ந்து நீ எனுக்குக் கால் பண்ணி கீறியா?”

எதிர் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகளுக்கும் அழுகை நடுவில் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

ஹாஸ்டல் கட்டில் மறுநாள் வரைக்கும்தான். வாடகைக்கு ஒரு ரூம் பார்த்திருந்தாள். வீட்டுக்காரர் திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஊர் நம்பர் கொடுத்தால்தான் கூப்பிடுவாராம், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். இவள் கடையில் சிம் வாங்கிவிட்டாள். பாஸ்போர்ட்டையும் முகத்தையும் வீடியோவில் காட்டி அந்தக் கட்டமும் முடித்துவிட்டாள். பணம் ஏற்றினால்தான் சிம்முக்கு உயிர் வரும். கையில் இருந்த கார்டு நம்ம ஊர் பேங்க் கார்டு. அதிலிருந்து பணம் கட்டினால் ரகசிய நம்பர் பழைய சிம்முக்கு வரும். பழைய சிம் என் இடுப்பில்.

“கடைல போய்க் காசு குடுத்து ஏத்திக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“ஞாயித்துக்கெயமை இங்க ஒரு கடையும் கெடையாதும்மா. ஊரே மூடிக் கெடக்குது. போன் குடுத்த அக்காவும் சாயங்காலம் வேற ஊருக்குப் போயிடும்.”

நான் பெருமையாக அமுக்கிய ஒவ்வொரு சிவப்பும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “அனுப்பு” என்றேன்.

“யாருகிட்டவும் சொல்லக் கூடாதுன்னு பேங்குக்காரன் சொல்லிக்கினே இருக்கிறானேக்கா?” என்றாள் எதிர் வீட்டுக்காரி.

“பெத்த பொண்ணு கிட்டவுமா சொல்லக் கூடாதுன்றான்? போடி.”

போன் சிணுங்கியது. மெசேஜ் முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதைக்கூட அப்படித்தான் எழுதுகிறேன், எனக்கு அவசரம் இல்லை. இங்கிலீஷ் எறும்பு ஊர்வது மாதிரித் தெரியும். நடுநடுவே நம்பர்கள் மட்டும் கண்ணுக்குப் பட்டன. முதலில் பட்டதைப் படித்தேன்.

“தப்புன்னு வருதும்மா” என்றாள் மகள். “அது கார்டு நம்பரோட வாலு. வேற பாரு.”

வேறு தேடுவதற்குள் போன் வெளிச்சம் அணைந்தது. மறுபடி அமுக்கி, மறுபடி தேடி, நான் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றாள்.

“குடுக்கா, நான் படிக்கிறேன்” என்று எதிர் வீட்டுக்காரி கை நீட்டினாள்.

“உன் கண்ணாடி எங்க?”

“ஊட்டுல கீது.”

“அப்போ போனை நேரா புடி, எம் பொண்ணு மூஞ்சி ஆடுது” என்றேன்.

மகள் நிதானமாகச் சொன்னாள். “எம்மா, ஆறு நம்பரு சேந்தாப்புல இருக்கும். நடுவுல எடமே இருக்காது. டப்பா மேல நம்பரு பாப்பியே, அந்த மாதிரி. மறுபடி அனுப்பறேன்.”

டப்பா என்றதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. லைனில் டப்பா ஓடிக்கொண்டே இருக்கும், நமக்காக நிற்காது. சுற்றி எழுதியிருப்பதை எல்லாம் பார்க்கக் கூடாது, நம்பரை மட்டும் பிடிக்க வேண்டும். மெசேஜ் வந்தது. எறும்புகளை விட்டேன். சேர்ந்து நின்ற ஆறு நம்பரைப் பிடித்தேன். லைனில் எதிரே நிற்பவளுக்குக் கேட்க வேண்டும் என்று எப்படிக் கத்துவோமோ அப்படியே ஒவ்வொன்றாகக் கத்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த மீன்காரி எட்டிப் பார்த்தாள்.

மகள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உச்சி வகிடுதான் தெரிந்தது.

“போயிடுச்சும்மா” என்றாள்.

“இன்னாது போயிடுச்சு?”

“பணம் போயிடுச்சும்மா, ஏறிடுச்சு! சிம்மு வேல செய்யிது. இரு, கட் பண்ணிடாத, தயவு செஞ்சு கட் பண்ணிடாத, அதுலேர்ந்து அடிக்கிறேன்.”

என் போன் அடித்தது. புது நம்பர், அதே கூட்டல் குறி. என் கட்டைவிரல் தானாகச் சிவப்புக்குப் போனது. எதிர் வீட்டுக்காரி என் கையில் ஒரு அடி வைத்தாள். பச்சையை அமுக்கினேன். ஒரு காதில் பட்டன் போன், எதிரே வீடியோவில் முகம். “எம்மா” என்று ரெண்டு பக்கமும் ஒரே குரல் முன்னே பின்னே கேட்டது.

“நாளைக்கு அடிச்சா எடு” என்றாள்.

“எடுக்கிறேன்.”

திங்கட்கிழமை காலையில் நாஷ்டா முடிந்ததும் போனை இடுப்பில் செருகவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டேன். அங்கே பொழுது விடிந்து, அந்த வீட்டுக்காரர் எழுந்து, மனசு வைத்துக் கூப்பிட வேண்டும். சூரியன் உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்தது. எதிர் வீட்டுக்காரி தன் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தது. பாதி ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்.

“கெடச்சிச்சும்மா!”

அதற்குப் பிறகு அவள் பேசிய பேச்சு! காக்களூரில் இருந்த காலமெல்லாம் ரிங்காகக் கொடுத்ததை எல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்ப்பது மாதிரி. வீட்டுக்காரர் நல்ல மனுஷனாம். ரூமில் அடுப்பு இருக்கிறதாம். நான் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் உடையாமல் வந்திருக்கிறதாம். “துட்டு போவுதே, வச்சிடு” என்றேன். அவள் கேட்கவே இல்லை.

“பெரிய ஜன்னல் கீதும்மா. தொறந்தா நேர் எதிர்ல ஒரு—”

அவ்வளவுதான். ஏற்றிய காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி கட் என்றால் ‘சரி, புரிஞ்சிச்சு’ என்று அர்த்தம். எனக்குப் புரிந்துவிட்டது.

எதிர் வீட்டுக்காரி கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

“ரூமு இன்னா ஆச்சுக்கா?”

“கெடச்சிச்சு. பெரிய ஜன்னல் கீதாம்.”

“ஜன்னலுக்கு எதிர்ல இன்னா கீதாம்?”

“அத்த அடுத்த ரீசார்ஜுல சொல்லுவா” என்றேன்.