அண்ணா பயந்தவன்

விசுவமடுக் கோயிலில் வெடி கொளுத்தினார்கள். சத்தம் கேட்டதும் அம்மா குசினி அடுப்பை விட்டு வந்து, நெல்மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

சின்ன வயதில் வெடிச்சத்தம் கேட்டால் அண்ணா அப்படித்தான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிவான். புதுநெல் மணத்துக்குள் காதுகளைப் பொத்திக்கொண்டு கிடப்பான். அவன் பயந்தவன், நான் வாயாடி. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஒரு குணத்தைச் சொல்லிவிட்டால், அது பெயரைப்போல ஒட்டிக்கொள்ளும்.

போரின் கடைசி இடப்பெயர்வில், செல் குண்டு விழுந்த பக்கம் ஒரு குழந்தை கத்தியது. அதைத் தூக்க அண்ணா பங்கர்க் குழியை விட்டு ஓடினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பவில்லை.

இதை அம்மாவிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். இன்றும் சொன்னேன்.

"நீ வாயாடி, இல்லாததெல்லாம் சொல்லுவாய். அது வேற ஆரோ பெடியன். என்ர பிள்ளை பயந்தவன், எங்கயாவது ஒளிச்சிருப்பான்."

சொல்லிவிட்டு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மூட்டைகளைத் தள்ளிவைத்தார்.