தேங்காய்ப்பால் பொங்கிய காணி

கொடிகாமத்துக்கு அங்காலை, பற்றைக்காட்டு ஓரமாய் ஒரு காணியில் புது ஊரொன்று தொடங்க வெளிக்கிட்டோம். அங்கே இறைச்சி, மீன், மாட்டுப்பால் எதுவும் கூடாது, குப்பையும் சேரக்கூடாது என்பது எங்கள் சட்டம். மீனை விட்டும் மீன் கனவை விடாத நானும் அதில் ஒரு ஆள்.

காணிக்கார அம்மா நல்ல நெட்டை. கதைக்க முன்னம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் ஆறுதலாகத் துடைப்பார். அதற்குள் எங்களுக்கு வியர்த்துவிடும்.

"பால் காய்ச்சாமல் என்ரை காணியிலை ஒருத்தரும் குடியிருக்கேலாது. பொங்கினால்தான் படலைப் பூட்டின்ரை திறப்பைத் தருவன்" என்றார்.

தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்தோம். அகப்பை என் கையில். சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிப் பழகிய கை அல்லவா, பால் திரைந்துவிடும் என்ற பயத்தில் கிண்டிக்கொண்டே நின்றேன். விறகு முடியப் பார்த்தது. பால் பொங்குகிற பாடில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி, நீர் சொதி வைக்கிறீர். நான் பால் பொங்கிறதைப் பாக்க வந்தனான். அகப்பையை வையும்."

வைத்தேன். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாய் வழிந்தது. எல்லோரும் கைதட்டினோம். அவரோ திறப்பைத் தராமல் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மிச்சம் திரைஞ்சு போச்சு. குப்பை இல்லாத ஊர் எண்டனீங்கள். இதை என்ன செய்யப் போறியள்?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். புகை மணத்த அந்தப் பாலை மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கடைசி மிடறு இறங்கின பிறகுதான் திறப்பு கைக்கு வந்தது.

"கெட்டிக்காரன்" என்றுவிட்டுப் போனார். அது வாழ்த்தோ நக்கலோ, இண்டைவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.