ஐயாவுக்கு நான் வாசித்த பாராட்டு

பழிவாங்குவதற்கு ஏற்ற உடல்வாகு எனக்குக் கிடையாது. ஐந்தடிச் சொச்சம் உயரம், அதற்கு முன்னால் ஒரு தொந்தி. என்னை நம் நாட்டுத் தூதர் ஒருவருக்கு மெய்க்காவலனாகப் போட்டிருந்தார்கள் என்றால் புதுக்கோட்டையில் இன்றும் நம்ப ஆளில்லை. தூதர் இருந்தது ஆப்பிரிக்காவில் ஒரு புது நாடு. வெள்ளைக்காரன் போன சூட்டோடு தங்களுக்குள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்திலிருந்து பொறுக்கி அனுப்பிய காவலர்களில் தூதர் வீட்டுக்கு இரண்டு பேர். வாசலுக்கு ஒரு விராலிமலைக்காரன். உள்ளே, தூதர் பக்கத்தில், நான். என்னை வாசலில் நிறுத்தினால் கலகக்காரர்களுக்குத் தைரியம் வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் பயிற்சி எளியது. வெடிச் சத்தம் கேட்டால் காக்கப்படுகிறவர் கட்டிலுக்கடியில் போக வேண்டும். நாங்கள் நிற்க வேண்டும்.

ஒரு மத்தியானம் கூட்டம் துப்பாக்கிகளோடு வந்தது. தூதர் கட்டிலுக்கடியில் போனார். நான் அறைக் கதவில் நின்றேன். விராலிமலைக்காரன் வாசலை விடாமல் நின்று சுட்டான். உள்ளூர்ப் பட்டாளம் வந்து கூட்டத்தைக் கலைப்பதற்குள் அங்கேயே செத்தான்.

தூதர் மேலிடத்துக்குச் சொன்ன கதை வேறு. அவரே வாசலுக்குப் போய்ப் பேசிக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பினாராம். அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தால் இவர் எங்கே நிற்பது? ஆகவே கதையில் அவனை ஓட வைத்தார். காவலை விட்டு ஓடும்போது சுடப்பட்டான் என்றார். நான் மறுத்துச் சொன்னேன். "உன்னைக் கேட்டோமா?" என்றார்கள். விராலிமலையில் அவன் மனைவிக்கு 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்று பெயர் விழுந்தது.

நான் ஊர் திரும்பி பஸ் கம்பெனியில் செக்கர் ஆனேன். பழிவாங்கும் கதைகளாகத் தேடிப் படித்தேன். அவற்றில் நாயகர்களுக்கெல்லாம் குதிரை இருந்தது. எனக்கு பஸ் பாஸ் இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் தூதர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான குளத்தூருக்கு வந்தார். பாராட்டு விழா. கூட இருந்தவன் என்று என்னையும் பேச அழைத்தார். பெரிய மனிதர்கள் தாங்கள் சொன்ன பொய்யைத் தாங்களே சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள்.

நேரே விராலிமலைக்குப் போய் செத்தவன் மனைவியை விழாவுக்குக் கூப்பிட்டேன்.

"நான் எதுக்குண்ணே அங்கிட்டு? அந்தாளு மூஞ்சில முழிக்கவா?"

"மூஞ்சியப் பாக்கத்தான் தங்கச்சி. முன்வரிசையில ஒக்காரு."

மேடையில் தூதர் சந்தன மாலையோடு இருந்தார். "சொல்லுய்யா, அன்னைக்கு நடந்ததை" என்றார்.

மரியாதையோடு சொன்னேன். "ஐயா மாதிரி சொன்ன பேச்சு கேக்குற ஆளை நான் பாத்ததில்லைங்க. வெடிச் சத்தம் கேட்டா சில பேரு செருப்பத் தேடுவாங்க, சில பேரு பொண்டாட்டியத் தேடுவாங்க. ஐயா ஒண்ணையும் தேடல. நான் 'கட்டில்'னு சொல்லி முடிக்குமுன்ன அடியில இருந்தாங்க. கூட்டம் போனப்புறமும் வரல. காவக்காரனுக்கு இப்படி ஒருத்தர் கெடைக்கிறது பாக்கியம்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அது மளமளவென்று முன்னால் வந்தது.

"அப்ப வாசல்ல நின்னது யாருய்யா?" என்று ஒரு குரல்.

"அத ஐயாதான் சொல்லணும்" என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். "ஐயா இல்லைன்னு மட்டும் எனக்குத் தெரியும். பக்கத்துலயே இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு நினைத்துக்கொள்கிறேன், நன்றாகச் செரிக்கிறது. "காவலர்தான்..." என்று முனகினார்.

முன்வரிசையில் அவள் எழுந்தாள். சிரிக்கவில்லை, அழவுமில்லை. "காதுல விழல. பேரச் சொல்லிச் சத்தமாச் சொல்லச் சொல்லுங்கண்ணே."

அவருக்குப் பெயர் தெரியவில்லை. வாசலில் அத்தனை மாதம் சல்யூட் அடித்தவனின் பெயர். நான் வாயெடுக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத ஊர் எங்களுடையது. அவள் சொன்னாள், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

அவர் திருப்பிச் சொன்னார். வாசலில் நின்றது அவன்தான் என்றார்.

"இன்னொருக்க" என்றாள்.