பூஜை மணியும் நைஜீரியத் தேர்தலும்

எழுபதுகளின் கடைசியில், பதிமூன்று வருட ராணுவ ஆட்சிக்குப் பிறகு நைஜீரியாவில் தேர்தல் அறிவித்தார்கள். கனடாவில், மான்ட்ரியல் நகரக் கல்லூரி ஒன்றில் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த நைஜீரியப் பேராசிரியருக்கு இங்கிருந்து ஓட்டுப் போட வழியில்லை. அதனால் செவ்வாய்தோறும் சாயங்காலம் தன் நாட்டு மாணவர்களைக் கூட்டி விவாதம் நடத்தினார். முடிந்ததும், தவறாமல் ஓட்டுப் போடச் சொல்லி ஆளுக்கொரு கடிதம் வீட்டுக்கு எழுதவேண்டும்.

எந்தப் பக்கமும் சாயாதவன் என்று பேசுகிறவர்களுக்கு நேரம் பார்த்து நிறுத்தச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவனுக்கு மணி இல்லாமல் கை ஓடாது. வீட்டுப் பூஜை மணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அப்ப தீபாராதனைக்கு நான் எதை அடிக்கிறதாம்?" என்றாள் மனைவி.

கையைத் தட்டிக்கொள் என்றேன்.

நான் எவ்வளவு அடித்தும் ஒருவரும் பேச்சை நிறுத்தியதில்லை. வாராவாரம் எரிச்சலோடுதான் வீடு திரும்புவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பேராசிரியர் பேச்சுக்கு நடுவில் என் பக்கம் திரும்பினார். "இன்று கனடாவிலும் தேர்தல். நீங்கள் இந்த நாட்டுக் குடிமகன் ஆகி நாலு வருடம் ஆகிறதே, யாருக்குப் போட்டீர்கள்?"

நான் ஓட்டுப் போடப் போகவே இல்லை. மணியை அடித்தேன். முதல் தடவையாக எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.