ரெண்டு துண்டு கீபோர்ட்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே டைப்பிங், போட்டோகொப்பி செய்து கொடுக்கும் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கும் சந்திரகாந்தியின் கைகள் ஒரு வேலை விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தன. இடது கை மேசையின் இந்தப் பக்கம், வலது கை அந்தப் பக்கம். பழைய கீபோர்டில் கையைக் குறுக்கி அடித்து மணிக்கட்டுகளில் வந்த வீக்கம், இந்த இரண்டு துண்டு கீபோர்ட் வந்தபின்தான் வற்றியது. திரும்பப் பழையதைத் தொட்டால் சோற்றுக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது.

மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த மருதாயி, மேசையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏ தங்கச்சி, ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கிறதுலயா எம் மக பத்திரிகை? பழச எடு."

"எடுத்தா எங் கை போயிரும்க்கா. இது பிரியல. நடுவுல வயர் சேத்து வச்சிருக்கு பாருங்க."

"வெறும் வயரா? அதுல மஞ்சள் எங்க?"

"கீபோர்டுக்குத் தாலியாக்கா கட்டச் சொல்றீங்க?"

மருதாயி போய் பஸ் ஏறிவிட்டாள். கல்யாண வேலை கைவிட்டுப் போயிற்று என்றுதான் சந்திரகாந்தி நினைத்தாள். ஆனாலும் பழையதை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் மருதாயி வந்து நின்றாள். மடியிலிருந்து மஞ்சள் கட்டிய நூலை எடுத்து, வயரில் மூன்று முடிச்சுப் போட்டு, இரண்டு துண்டுக்கும் குங்குமம் வைத்தாள்.

"இப்ப அடி" என்றாள்.

சந்திரகாந்தி கைகளை அகலமாக வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.